கடலோரத்துப் பிள்ளை வரைந்த இரண்டு மலைகள்

என் மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, சூரியன் உதிப்பதை வரைந்து காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்குள் படம் முடிந்துவிட்டது. இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் பாதி முகம் காட்டும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம், வானத்தில் 'டிக்' போட்டாற்போல் நான்கு பறவைகள். தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரும் இந்தப் படத்தை ஒரு முறையாவது வரைந்திருப்பார்கள், நானும் வரைந்திருக்கிறேன். ஆனால் நாங்கள் குடியிருப்பது கடலூர் புதுப்பாளையத்தில். வண்டியை எடுத்தால் சிறிது நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடலாம். எங்கள் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. மலை என்ற பெயரோடு ஊருக்கு இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான்; அதுவும் உச்சி தட்டையான ஒரு செம்மண் மேடு.

"இந்த இரண்டு மலையையும் எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். அவள் என்னை வியப்போடு பார்த்து, "மலை இல்லாமல் சூரியன் எப்படி அம்மா வரும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

இதற்கு முன் நான்கு மாதங்கள் அவளை ஓர் ஓவிய வகுப்புக்கு அனுப்பிவந்தேன். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சிட்ட படம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்வார்கள். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் தம் தூரிகையோடு ஒவ்வொருவரிடமும் வந்து, நிழலைப் போட்டு, கோணலை நிமிர்த்தி, விளிம்புக்குக் கறுப்புக் கோடு இழுத்துக் கொடுப்பார். வாசலில் காத்திருக்கும் பெற்றோர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் அப்படி வந்த அன்னப்பறவைப் படத்தைக் கூடத்தில் ஒட்டலாம் என்று நான் எடுத்தபோது, "அது வேண்டாம், அது சாருடையது" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். அந்த மாதத்தோடு வகுப்பை நிறுத்திவிட்டேன். நான் ஓவியம் படித்தவள் அல்லள். கணக்கு எழுதுவது என் தொழில். பள்ளியில் எங்களுக்கு வாய்த்த டிராயிங் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த சில அடிப்படைகளும், பிறகு நானாகப் படித்தறிந்தவையும்தான் என் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டு, என் மகள், நான்கு வயது மகன், பத்து வயதான அக்காள் மகன் ஆகிய மூவருக்கும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் என்று தொடங்கி இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

தொடங்கிய முதல் வாரமே அந்த ஆசிரியர் செய்ததையே நானும் செய்தேன். மகள் ஒரு யானையை வரைந்திருந்தாள். நான்கு கால்களும் ஒரே வரிசையில் வேலிக்கம்புகளைப்போல் நின்றன. தும்பிக்கை மோவாய்க்குக் கீழே இருந்து புறப்பட்டிருந்தது. என் கை பரபரத்தது. பென்சிலை வாங்கி, "இங்கே பார், இப்படி" என்று தும்பிக்கையை அழித்து வேறு இடத்தில் வைத்தேன். அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீயே வரைந்துவிடு அம்மா" என்று எழுந்து போய்விட்டாள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: என் பென்சில் என் தாளின்மேல் மட்டுமே படவேண்டும். ஏதாவது காட்டித்தர வேண்டியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து என் தாளில் வரைந்து காட்டுவேன். காட்டி முடித்ததும் அந்தத் தாளைக் கவிழ்த்துவிடுவேன், இல்லாவிட்டால் அவர்கள் பொருளைப் பார்க்காமல் என் படத்தைப் பார்த்து வரையத் தொடங்கிவிடுவார்கள்.

பிறகு படித்தபோதுதான் அந்த வேலிக்கம்புக் கால்கள் பிழையல்ல என்பது புரிந்தது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்டு என்ற கலைக் கல்வியாளர், குழந்தைகளின் ஓவியம் வயதுக்கேற்பப் படிப்படியாக மாறுவதை 1940களிலேயே விளக்கியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டிலிருந்து நான்கு வயது வரை கிறுக்கல். நான்கிலிருந்து ஏழு வரை, தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்களும் தாளில் மிதக்கும் பொருள்களும். ஏழிலிருந்து ஒன்பது வரை, மரத்துக்கு ஓர் அடையாளம், வீட்டுக்கு ஓர் அடையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான வடிவத்தைப் பிள்ளை தனக்கென வைத்துக்கொள்ளும் காலம். இந்த மூன்றாம் நிலையில்தான் தாளின் அடியில் தரைக்கோடு ஒன்று தோன்றுகிறது. எல்லாமும் அதன்மேல் வரிசையாக நிற்கின்றன. என் மகள் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மகனோ கிறுக்கிவிட்டு, அது என்னவென்று பிறகு யோசித்துப் பெயர் வைக்கும் நிலையில் இருந்தான். ஒரே கிறுக்கல் காலையில் ரயிலாகவும் மாலையில் நண்டாகவும் இருக்கும். அக்காள் மகனுக்கு வேறு தொல்லை. ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாங்கள் வரைந்தது பொருளைப்போல் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் "எனக்கு டிராயிங் வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே மூவருக்கும் ஒரே பாடம் நடத்தலாம் என்ற என் எண்ணம் இரண்டாம் வாரமே கைவிடப்பட்டது. கிறுக்குகிறவனுக்குப் பெரிய தாளும் தடித்த வண்ண மெழுகுக் குச்சியும் போதும், அவனிடம் "இது என்ன?" என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டேன், கேட்டால் எனக்காக ஒரு பதிலைத் தயாரிக்கிறான்.

பொருள்களைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. பென்சிலில் எச்.பி. ஒன்றும் 4பி. ஒன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. முன்னது வெளிக்கோட்டுக்கு, பின்னது நிழலுக்கு. கோடு பழகுவதற்கு அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள்களின் மறுபக்கமே தாராளம். ஆனால் நீர் வண்ணத்துக்கு அந்தத் தாள் உதவாது. 70, 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கிப் பிள்ளையின் மனத்தையும் சுருக்கிவிடும், 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாத தாளை வாங்கி, நான்காக வெட்டிக் கொடுப்பது சிக்கனம். தூரிகையில் 2, 6, 10 ஆகிய எண்களில் மூன்று உருண்டை முனைத் தூரிகைகள் வேண்டும். பெரியதைத்தான் முதலில் கொடுக்கவேண்டும். சிறியதைக் கொடுத்தால் பிள்ளை வானம் முழுவதையும் அதைக் கொண்டே கோடு கோடாக நிரப்பிக் களைத்துவிடும். ஸ்கெட்ச் பென் பெட்டியை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அழுத்தினாலும் மென்மையாக இழுத்தாலும் ஒரே தடிப்பில் கோடு விழும் கருவியிடமிருந்து கை எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பது என் கருத்து; பிறந்தநாள் பரிசாக வருவதை மட்டும் தடுக்க முடியவில்லை.

கோட்டைக் கற்றுக்கொடுத்தது நானல்ல, என் அம்மா. வாசல் தெளித்த ஈரத்தில் ஊடுபுள்ளி 7, 4 முடிய வைத்து அவர் கோலம் போடும்போது பேத்தியையும் பக்கத்தில் உட்கார்த்திப் புள்ளி வைக்கச் சொன்னார். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒத்திருக்கவேண்டும். அதை அளக்க ஸ்கேல் கிடையாது, கண்தான். சிக்குக் கோலத்தில் கோடு எங்கே வளையப் போகிறது என்பதைக் கை அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே கண் பார்த்துவிட வேண்டும். தாளில் பென்சில் பிடிக்கும் பிள்ளைகள் விரல்களை மட்டும் அசைத்து ஓரங்குலக் கோடுகளாகச் சொறிந்துகொண்டே போவார்கள். கோலமாவு பிடித்த கையோ தோளிலிருந்து அசைகிறது. இரண்டு மாதம் கழித்து அவள் தாளில் இழுத்த படகின் அடிக்கோடு ஒரே வீச்சில் வந்து விழுந்ததைப் பார்த்தபோது, இதை வகுப்புக் கட்டணம் கட்டியா தேடினோம் என்று தோன்றியது. அக்காள் மகனையும் கோலம் போடச் சொன்னோம். முதலில் வெட்கப்பட்டான், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மொட்டைமாடியில் போட்டான், சாக்கட்டியால்.

அவனுக்கு நம்பிக்கை வந்தது ஒரு பித்தளைச் சொம்பால். சொம்பை வரையச் சொன்னால், வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் வரைந்துவிட்டு, ஏதோ தவறாக இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று விழித்தான். நான் ஒன்றும் வரைந்து காட்டவில்லை. சொம்பை எடுத்து அவன் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தேன். வாய் ஒரு கோடாகிவிட்டது. மெல்லக் கீழே இறக்கினேன். கோடு பிளந்து, ஒடுங்கிய நீள்வட்டமாகி, இறங்க இறங்கக் கொழுத்து, தரையில் வைத்து நேர் மேலிருந்து பார்த்தபோதுதான் வட்டமாயிற்று. "அப்படியென்றால் அடியும் வளைந்துதானே இருக்கவேண்டும்?" என்று அவனே கேட்டான். வாயைவிட அடி நம் கண்ணிலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகம். இதை வாயால் சொல்லியிருந்தால் பத்து வயதுப் பையனுக்கு இது ஒரு விதி, அவ்வளவுதான். அன்று மாலைக்குள் டம்ளர், தவலை, குடம், அம்மிக்குழவி என்று சமையலறையையே வரைந்து முடித்துவிட்டான். ஆறு வயதுக்காரிக்கு இதே பாடத்தை நடத்திப் பார்த்தேன். "சொம்பின் வாய் வட்டம்தான் அம்மா, கை விட்டுப் பார்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதும் உண்மைதான். அந்தப் பாடம் அவளுக்கு இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்கலாம்.

வண்ணத்தில் நான் செய்த ஒரே கண்டிப்பு, பன்னிரண்டு வில்லைகள் கொண்ட பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் காகிதம் ஒட்டி மூடியதுதான். முதல் வாரம் அழுகை. இரண்டாம் வாரம் மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையானதைப் பார்த்து ஆர்ப்பரிப்பு. மூன்றாம் வாரம் மூன்றையும் கலந்தால் சேறு வருகிறது என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே சேறு செய்தார்கள். அந்தச் சேறுதான் பிறகு பெரிதும் பயன்பட்டது. பெட்டியில் ஆயத்தமாக இருக்கும் பச்சை கண்ணைக் குத்தும். வேப்பிலைப் பச்சை வேறு, வாழையிலைப் பச்சை வேறு, தென்னங்கீற்றின் முதிர்ந்த பச்சை வேறு, அவற்றில் எதுவும் பெட்டியில் கிடையாது. தாங்கள் கலந்த பச்சையில் ஒரு சொட்டுச் சிவப்பைத் தொட்டு வைத்தால் அது அடங்கி இலையின் பச்சையாவதை அவர்களே கண்டுபிடித்தார்கள். நீர் வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான் என்பதையும், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போகவேண்டும் என்பதையும், தூரிகை கழுவ ஒரு டம்ளர், வண்ணம் கலக்க நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் என்று இரண்டு வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். கழுவிய தண்ணீரை என் மகன் ஒரு முறை குடித்துவிட்டதால், அந்த டம்ளர்கள் இப்போது சமையலறைக்குள் வருவதில்லை.

சிறிய பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மெழுகு வித்தை. வெள்ளை மெழுகுக் குச்சியால் வெள்ளைத் தாளில் அழுத்தி வரைந்தால் ஒன்றும் தெரியாது. மேலே நீல நீர் வண்ணத்தைப் பூசினால், மெழுகின்மேல் தண்ணீர் ஒட்டாததால் வரைந்தது வெள்ளையாக வெளிப்படும். மீன்களை ஒளித்து வைத்துக் கடலைப் பூசிப் பிடிப்பது அவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு.

நிறம் கடையில் பிறப்பதில்லை என்று காட்டுவதற்காகவே ஒரு முறை கேப்பர் மலைப் பக்கமிருந்து கைப்பிடிச் செம்மண் கொண்டுவந்தேன். தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே நின்ற கலங்கலை வேறு பாத்திரத்தில் இறுத்து, அதைத் தெளியவிட்டால் அடியில் மை போன்ற நைசான செம்மண் படியும். மண்ணிலிருக்கும் இரும்பின் துருதான் அந்த நிறம், வெயிலில் மங்காது. ஊறவைத்து வடிகட்டிய கருவேலம் பிசினோடு குழைத்தால் அது தாளில் உதிராமல் ஒட்டுகிறது. கடையில் வாங்கும் நீர் வண்ண வில்லையிலும் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது வேலம் பிசின் வகைதான். மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் ஆரத்திச் சிவப்பு வரும். சங்குப்பூவைக் கசக்கிய நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும் போகும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள்தாம் கையாளவேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சளில் வரைந்த சூரியன் சன்னலோரத்தில் சில வாரங்களில் வெளுத்துவிட, செம்மண்ணில் வரைந்த ஆடு மட்டும் அப்படியே நின்றது. பனமலைக் கோயிலில் பல்லவர் காலத்து ஓவியத்தின் எச்சம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் நிறத்தின் இந்தக் குணமும் அதற்கு ஒரு காரணம் என்று அக்காள் மகனிடம் சொன்னேன்; விழுப்புரம் பக்கம்தானே, போகலாமா என்றான். இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர்ப் பருவநிலையும் ஓர் ஆசிரியர்தான், சற்றுக் கடுமையானவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் நமுத்துப்போகும்; பூசிய வானம் அரைமணி நேரமானாலும் காயாமல், அதன்மேல் வைத்த மரம் கரைந்து ஓடும்; வண்ண வில்லைகளில் பூஞ்சை பிடிக்கும். சித்திரையிலோ தூரிகை தாளின் மறு ஓரத்தைத் தொடுவதற்குள் முதல் ஓரம் காய்ந்து பட்டை தட்டிவிடும். ஆகவே அடைமழைக் காலத்தைப் பென்சிலுக்கும், தை முதல் பங்குனி வரை நீர் வண்ணத்துக்கும், கோடையை மண்ணுக்கும் மெழுகுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கோடையில் பண்ருட்டிப் பலாப்பழமும் வரும். நிழல் போடப் பழக முட்டையை விடச் சிறந்த பொருள் இல்லை என்பார்கள், உண்மைதான்: சன்னலுக்கு ஒரு பக்கம் வைத்தால் வெளிச்சமும் நிழலும் ஒன்றில் ஒன்று கரைவதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் பலாப்பழம் கற்றுத்தருவது வேறு. அக்காள் மகன் ஒவ்வொரு முள்ளாக வரையத் தொடங்கி, நாற்பதாவது முள்ளில் பென்சிலைப் போட்டுவிட்டான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். அப்போது முள் மறைந்து, ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் இருட்டுமாக ஓர் உருண்டை மட்டும் தெரிகிறது. முதலில் அந்த உருண்டையை நிழலோடு போட்டுவிட்டு, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் முள்ளை அழுத்திக் காட்டினால், மீதி முள்களைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்கிறது. அவன் வரைந்த அந்தப் பழத்தை அவனுடைய அப்பா கைப்பேசியில் படமெடுத்து ஊர் முழுவதும் அனுப்பினார்.

மலைகளுக்கு வருகிறேன். அந்த முக்கோணங்களை ஒழித்துவிட வேண்டும் என்றுதான் முதலில் எண்ணினேன். அவை அவளுடைய எழுத்துகள், அவற்றை வைத்துத்தான் அவள் தாளில் பேசுகிறாள் என்று புரிந்தபிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு தை மாத விடியலில் மூவரையும் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போனேன். தாள் எடுத்துப் போகவில்லை. ஆறரை மணியளவில் உதயம். கரையில் ஃபைபர் படகுகள் சாய்ந்து கிடந்தன. கடல் நீலமாக இல்லை, ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. மகளின் படங்களில் வானம் எப்போதும் தாளின் உச்சியில் ஒரு நீலப் பட்டை. தரை அடியில் ஒரு பச்சைப் பட்டை. நடுவில் ஒன்றுமில்லாத வெள்ளை. "வானம் எங்கே முடிகிறது, காட்டு" என்றேன். மேலே கை காட்டத் தொடங்கியவள் கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, கடல்கோட்டில் நிறுத்தினாள். அப்படியே சிறிது நேரம் நின்றுவிட்டு, "அப்படியென்றால் காற்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவளுடைய தாளின் நடுவிலிருந்த வெள்ளை, நான் நினைத்ததுபோல் வெற்றிடம் அல்ல, காற்று என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தால் கடல்கோடும் நம்மோடு இறங்குகிறது, எழுந்தால் எழுகிறது, அது எப்போதும் நம் கண்மட்டத்திலேயே நிற்கிறது என்பதை அக்காள் மகன் எழுந்து உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தான். சொம்பின் வாய் அவனுக்கு நினைவு வந்திருக்கவேண்டும், "இதுவும் அதேதானா?" என்றான். என் மகன் நண்டு துரத்தினான்.

வீட்டுக்கு வந்து அவள் வரைந்த படத்தில் மலைகள் இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன், இருந்தன. கடலிலிருந்து எழும் சூரியனுக்கு இரு பக்கமும் காவல்போல் நின்றன. ஆனால் வானம் கடல்வரை இறங்கியிருந்தது. நான் எதுவும் சொல்லாமல், வழக்கம்போல் பின்பக்கத்தில் தேதியும் அவள் வயதும் எழுதிக் கோப்பில் வைத்தேன்.

சென்ற மாதம் கேப்பர் மலைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்வந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலேயே அவள் ஒரு படம் வரைந்தாள். முந்திரி மரங்கள்போல் கிளை தாழ்ந்த சில மரங்கள். பின்னால், நாங்கள் செய்து வைத்திருந்த செம்மண் வண்ணத்தில், நீளமான, உச்சி தட்டையான ஒரு மேடு. அக்காள் மகன் எட்டிப் பார்த்து, "இது மலை மாதிரியே இல்லையே" என்றான். அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "நீ நேரில் போய்ப் பார், பிறகு பேசு" என்றாள்.